முதலில் கொடியைப் பார்

ரிலே பேனல் முன்னால் நிற்கும் யாருக்காவது ஒரே ஒரு விதியைச் சொல்ல வேண்டுமென்றால் நான் இதைச் சொல்வேன்: எந்தக் கொடி விழுந்திருக்கிறது என்று பார்த்து, நேரத்தோடு எழுதிவைக்காமல் ரீசெட்டைத் தொடாதே. தொண்ணூறுகளில் வேலை தேடிக் கொல்கத்தாவுக்குப் போன எனக்கு, ரிலே சோதனை செய்யும் ஒரு சிறிய கான்ட்ராக்ட் நிறுவனத்தின் மூத்த டெக்னீஷியன் கற்றுக்கொடுத்த விதி அது. அங்கே மூத்தவர்களை எல்லோரும் அழைப்பதுபோல நானும் அவரைத் தாதா என்றே கூப்பிட்டேன். மின்பொறியியல் பட்டம் என்னிடம் இருந்தது, அவரிடம் இல்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகு எண்ணிப் பார்த்தால், இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் மிகவும் பயன்பட்டதெல்லாம் அவர் கொடுத்ததுதான்.

ரிலே என்பது மின்சாரத்துக்குக் காவல் இருக்கும் கருவி. ஆயிரக்கணக்கான வோல்ட்டில் ஓடும் மின்சாரத்தை அது நேரடியாகத் தொடுவதில்லை. சி.டி. என்று நாங்கள் சொல்லும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர், கேபிளில் ஓடும் 100 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைத்து ரிலேவுக்கு அனுப்பும். அளவு மீறினால் ரிலே ஒரு சிறிய கான்டாக்டை மூடும். பேட்டரியிலிருந்து வரும் 110 வோல்ட் டி.சி. உடனே பிரேக்கரின் ட்ரிப் காயிலுக்குப் போகும், பிரேக்கர் திறந்துகொள்ளும். பழுது இல்லாத நாட்களில் ரிலேவுக்கு வேலையே கிடையாது. வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, கூப்பிட்ட கணத்தில், சில சமயம் ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள், தவறாமல் வேலை செய்ய வேண்டும். வேலையை முடித்ததும் தன் கண்ணாடிக்குள் ஒரு சின்ன நிறத் தகட்டைக் கீழே விழவிடும். அதுதான் கொடி. யாராவது கையால் ஏற்றிவிடும்வரை அது விழுந்தபடியே இருக்கும். இருட்டில் நடந்தது என்ன என்பதற்கு அன்றைக்கெல்லாம் அது ஒன்றே சாட்சி.

முதன்முதலில் தூசியைத் துடைத்து நான் உற்றுப் பார்த்த ரிலேவின் பெயர்த்தகட்டில் இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனி ஆஃப் இந்தியா, மெட்ராஸ் என்று இருந்தது. பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கிற தொழிற்சாலை அது. மின்சார ரயிலில் தாம்பரம் போகும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைக் கடந்திருக்கிறேன். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்லை. பின்னாளில் ஜி.இ.சி., அல்ஸ்தாம், அரேவா, ஜி.இ. என்று கம்பெனியின் பெயர் மாறிக்கொண்டே போனது. அங்கே செய்த சி.டி.ஜி. வகை ரிலேக்கள் மட்டும் ஹூக்ளி ஆற்றின் இரு கரைகளிலும் பல மில்களிலும் சப்ஸ்டேஷன்களிலும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. லேக் மார்க்கெட் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் தெருவில் தங்கியிருந்த எனக்கு, மொழி புரியாத ஒரு மில்லுக்குள் அந்தத் தகட்டைப் பார்த்ததும் தைரியம் வந்தது.

அந்த ரிலேவுக்குள் ஓர் அலுமினியத் தட்டு இருக்கும். சி.டி.யிலிருந்து வரும் மின்னோட்டம் அதைச் சுழற்றும். ஒரு நிரந்தரக் காந்தம் அதை இழுத்துப் பிடிக்கும். மெல்லிய சுருள் வில் பழைய இடத்துக்குத் திருப்பும். மின்னோட்டம் எவ்வளவு அதிகமோ, தட்டு அவ்வளவு வேகமாகச் சுழன்று கான்டாக்டைத் தொடும். அளவை நிர்ணயிக்க ஒரு பிளக். ஓவர் கரண்டுக்கு 50 சதவீதத்திலிருந்து 200 சதவீதம் வரை ஏழு துளைகள். நேரத்தை நிர்ணயிக்க ஒரு டயல். 200/5 சி.டி.யில் பிளக்கை 100 சதவீதத்தில் வைத்திருக்கிறோம், கேபிளில் 1000 ஆம்பியர் ஓடுகிறது என்றால் அது செட்டிங்கைப்போல ஐந்து மடங்கு. டயல் 1-இல் இருந்தால் ரிலே ஏறக்குறைய 4.3 விநாடியில் இயங்கும், 0.2-இல் இருந்தால் 0.86 விநாடியில். இந்தக் கணக்கைக் கல்லூரியிலேயே போட்டிருக்கிறேன். அது எதற்காக என்று தாதாதான் புரியவைத்தார். பழுது நடந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக்கர் முதலில் விழ வேண்டும். அது விழாவிட்டால் மட்டும், அரை விநாடி கழித்து, அதற்கு மேலே இருப்பது விழ வேண்டும். அந்த அரை விநாடி இடைவெளியைச் சரியாக வைக்காவிட்டால் ஒரு மோட்டாரின் கோளாறுக்கு முழு மில்லும் இருட்டாகும்.

கொல்கத்தா இந்தத் தொழிலைக் கற்க நல்ல ஊர். 1899 ஏப்ரல் 17-ஆம் தேதி இமாம்பாக் சந்தில் கல்கத்தா எலக்ட்ரிக் சப்ளையின் முதல் மின்நிலையம் தொடங்கியது. 1931-இல் ஹூக்ளிக்கு அடியில் சுரங்கம் அமைத்தே மின் கேபிளை அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். கேபிள்கள் மண்ணுக்கடியில் ஓடும் பழைய ஊர். வண்டல் மண், உயர்ந்த நிலத்தடி நீர், நீண்ட மழைக்காலம். இந்த ஊரில் ரிலேக்காரன் அதிகமாகப் பார்ப்பது எர்த் ஃபால்ட். கேபிளின் காப்பு நைந்து, மின்சாரம் மண்ணுக்குக் கசியும் பழுது.

ஆற்றங்கரையில் ஒரு சணல் மில். நாட்டின் முதல் சணல் மில் 1855-இல் ரிஷ்ராவில் தொடங்கியது. அந்தக் கரையெங்கும் அப்படிப் பழைய மில்கள் வரிசையாக இருக்கின்றன. நான் சொல்லும் மில்லில் ஆற்றோரக் கொட்டகைக்குப் போகும் 6 கிலோவோல்ட் ஃபீடர் அடிக்கடி ட்ரிப் ஆகிக்கொண்டிருந்தது. ரிலே கெட்டுவிட்டது, சரிசெய்து கொடுங்கள் என்று எங்களை அழைத்தார்கள். போய்ச் சேர்ந்ததும் தாதா லாக் புத்தகத்தைக் கேட்டார். ஒவ்வொரு முறையும் ட்ரிப், ரீசெட் செய்து சார்ஜ் செய்யப்பட்டது என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தக் கொடி என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ரிலேவைக் கழற்றாமலே சோதித்தோம். செகண்டரி இன்ஜெக்‌ஷன் கிட்டிலிருந்து மின்னோட்டம் கொடுத்து, செட்டிங்கைப்போல இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு, பத்து மடங்கில் நேரம் குறித்தோம். தயாரித்தவர் கொடுத்த வளைகோட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தது. ரிலேவில் குறையே இல்லை. மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை.

“அப்படியானால் செட்டிங்கை ஏற்றிவிடுங்கள். எர்த் ஃபால்ட் 20 சதவீதத்தில்தானே இருக்கிறது? 80-இல் வைத்துவிட்டால் தொல்லை விட்டது. இன்றைக்கு ஷிஃப்ட் ஓடியாக வேண்டும்” என்றார்.

பிளக் என் கையில் இருந்தது. ஒரு துளையிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் செருகும் வேலைதான். மறைக்காமல் சொல்கிறேன், அந்தக் கணத்தில் எனக்கும் ஏற்றிவிடலாம் என்றே இருந்தது. மேனேஜர் பெரிய மனிதர். நான் ஊருக்குப் புதியவன். பில்லில் கையெழுத்து போட வேண்டியவர் அவர். செட்டிங்கை ஏற்றினால் அன்று மாலையே எல்லோரும் எங்களைப் பாராட்டியிருப்பார்கள். தாதா அவருக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, “தம்பி, இது இத்தனை முறை என்ன சொல்லியிருக்கிறது என்று நமக்கே தெரியாது. தெரியாமல் எப்படி அதன் வாயை மூடுவது?” என்று கேட்டார். பிறகு மேனேஜரிடம், “அடுத்த முறை விழும்போது எதையும் தொடாமல் எங்களுக்கு ஆள் அனுப்புங்கள் பாபு” என்று கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மழை கொட்டிய ஓர் இரவுக்கு மறுநாள் ஆள் வந்தது. ஓவர் கரண்ட் கொடி இரண்டும் மேலேயே இருந்தன. எர்த் ஃபால்ட் கொடி மட்டும் விழுந்திருந்தது. லோடு அதிகமாகி விழவில்லை, மோட்டார் ஸ்டார்ட் ஆகி விழவில்லை, மண்ணுக்குக் கசிவு. தாதா இரவுக் காவலாளியைக் கூப்பிட்டு முன்னால் எப்போதெல்லாம் விழுந்தது என்று விசாரித்தார். மழை பெய்தால் விழும் என்றார் அவர், தினமும் பார்க்கிற சாதாரண விஷயத்தைச் சொல்வதுபோல. இத்தனை நாளாக அவரை யாரும் கேட்கவில்லை.

ஷட்டவுன் வாங்கி, கேபிளின் இரு முனைகளையும் அவிழ்த்து, காப்பைச் சோதிக்கும் மெக்கரை வைத்தோம். ஆர் ஃபேஸும் பி ஃபேஸும் நூற்றுக்கணக்கான மெகாஓம் காட்டின. ஒய் ஃபேஸில் முள் சரிந்து அடியில் நின்றது. ஆற்றோரக் கொட்டகையில் கேபிள் முடியும் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஊற்றியிருந்த காம்பவுண்டு வெடித்திருந்தது. மழைநீர் விரிசல் வழியே இறங்கி, ஒய் ஃபேஸின் காகிதக் காப்பு கருகியிருந்தது. ட்ரிப் ஆனபின் திரும்பச் சார்ஜ் செய்த ஒவ்வொரு முறையும் அந்தக் கருகல் கொஞ்சம் அதிகமாகியிருக்கிறது. ஈரம் சூட்டில் உலர்ந்ததும் ஃபீடர் சில நாட்கள் தாங்கியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் ரிலேமேல் பழி போட்டிருக்கிறார்கள். பெட்டிக்குச் சில அடி தள்ளிக் கூரைவரை சணல் கட்டுகள் அடுக்கியிருந்தன. அங்கே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

எர்த் ஃபால்ட் செட்டிங்கை 80 சதவீதத்துக்கு ஏற்றியிருந்தால், 100/5 சி.டி.யில் 80 ஆம்பியர் மண்ணில் கசியும்வரை ரிலே அசைந்திருக்காது. அதற்குக் கீழே எவ்வளவு கசிந்தாலும் அந்தப் பெட்டிக்குள் நெருப்பாகவே எரிந்திருக்கும். காய்ச்சல் இறங்க வேண்டும் என்று தெர்மாமீட்டரின் கோடுகளைச் சுரண்டி அழிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. கேபிளை நல்ல இடம்வரை வெட்டி, புதிய முனை கட்டி, அதே 20 சதவீதத்தில் சார்ஜ் செய்தோம். அடுத்த மழைக்காலத்தில் அந்த ஃபீடர் விழவில்லை.

அன்றிலிருந்து செட்டிங்கை ஏற்றச் சொல்லும் எவரிடமும் நான் முதலில் காரணத்தைக் கேட்கிறேன். ஏற்றவே கூடாது என்பதில்லை. புதிய மோட்டார் சேர்ந்திருக்கலாம், டிரான்ஸ்ஃபார்மர் பெரிதாகியிருக்கலாம், பழைய கணக்கே பொருந்தாமல் போயிருக்கலாம். அப்போது மறுபடி கணக்குப் போட்டு, மேலும் கீழும் இருக்கும் ரிலேக்களோடு பொருத்திப் பார்த்து, எழுத்தில் வைத்து ஏற்ற வேண்டும். தொல்லை விட்டால் போதும் என்று ஏற்றக் கூடாது.

ரிலே தவறாக விழுந்த கதையும் உண்டு. அதிலும் கொடிதான் வழிகாட்டியது. ஹூக்ளி மாவட்டத்தில் உருளைக்கிழங்கு குளிர்பதனக் கிடங்குகள் நிறைய இருக்கின்றன. அப்படி ஒன்றில், வேறொருவர் நிறுவிய புதிய பேனல் சார்ஜ் செய்தபோது விழாமல் நின்றது. கம்ப்ரஸர்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கியதும் விழுந்தது. எர்த் ஃபால்ட் காட்டியது. கேபிளை மெக்கர் செய்தால் எல்லா ஃபேஸும் நன்றாக இருந்தன. சோதனை அறிக்கையில் ஒவ்வொரு வரியிலும் சரி என்று போட்டிருந்தது. அறிக்கை பொய்யில்லை. ஆனால் அந்தச் சோதனை ரிலேவின் டெர்மினலில் தொடங்கி ரிலேவிலேயே முடிந்துவிட்டது. சி.டி.யிலிருந்து ரிலேவரை வரும் வயரை யாரும் சோதிக்கவில்லை.

மூன்று சி.டி.களின் மின்னோட்டமும் கூடித் திரும்பும் வயரில்தான் எர்த் ஃபால்ட் ரிலே உட்கார்ந்திருக்கும். மூன்று ஃபேஸும் சமமாக ஓடும்போது கூட்டல் பூஜ்யம். ரிலேவுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு சி.டி.யின் இரண்டு வயர்கள் இடம் மாறிப்போனால் அந்தக் கூட்டல் பூஜ்யமாகாது. ஒரு ஃபேஸில் ஓடுவதைப்போல இரண்டு மடங்காகும். அங்கே 100/5 சி.டி., செட்டிங் 1 ஆம்பியர். கணக்குப் பார்த்தால் வெறும் 10 ஆம்பியர் லோடே ரிலேவை இயக்கப் போதும். கம்ப்ரஸரை ஓட்டி, திரும்பும் வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டினோம். ஃபேஸில் இருந்ததைப்போல இரண்டு மடங்கு காட்டியது. ஷட்டவுன் எடுத்து வயரை மாற்றிய பிறகு முள் பூஜ்யத்தை ஒட்டி நின்றது.

புதிய பேனல் நிறுவும் இளைஞர்களுக்கு இதனால் சில விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ரிலே சரியாக இருப்பது போதாது, சி.டி., வயர், ரிலே, பேட்டரி, ட்ரிப் காயில், பிரேக்கர் என்று சங்கிலி முழுவதும் சரியாக இருக்க வேண்டும். முடிந்தால், சி.டி.யின் வழியாகவே மின்னோட்டம் செலுத்திச் சோதிக்கும் பிரைமரி இன்ஜெக்‌ஷன் செய்யுங்கள். முடியாவிட்டால் லோடு ஏறிய பிறகு ஒவ்வொரு வயரிலும் மின்னோட்டம் அளந்து எழுதுங்கள். ஓடுகிற சி.டி.யின் செகண்டரியை ஒருபோதும் திறக்காதீர்கள். முதலில் ஷார்ட்டிங் லிங்க்கைப் போட்டுவிட்டு வயரைத் தொடுங்கள். திறந்த சி.டி.யில் ஆளைக் கொல்லும் வோல்ட்டேஜ் எழும். அதனால்தான் பழைய சி.டி.ஜி. ரிலேவில் பிளக்கைப் பிடுங்கினால் சுற்று திறக்காமல், தானாகவே மிக உயர்ந்த செட்டிங்குக்குப் போகும்படி அமைத்திருந்தார்கள். உயிரைக் காக்கும் அந்த ஏற்பாட்டில் ஒரு பின்விளைவும் உண்டு: பிளக்கைத் திரும்பச் செருக மறந்தால் ரிலே 200 சதவீதத்தில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். மூடியை மாட்டுவதற்கு முன் பிளக் இருக்கிறதா என்று இரண்டாவது ஆள் ஒருவர் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் ரிலேவை இயக்கி, பிரேக்கர் உண்மையிலேயே விழுகிறதா என்று பாருங்கள். பேட்டரி செத்திருந்தால் உலகத்தின் மிகச் சிறந்த ரிலேயாலும் பிரேக்கரைத் திறக்க முடியாது.

2012 ஜூலை 31 இந்த நாட்டில் ரிலே வேலை செய்பவர்கள் யாரும் மறக்கக் கூடாத நாள். மதியம் ஒரு மணிக்கு 400 கிலோவோல்ட் பீனா–குவாலியர் லைன் ட்ரிப் ஆனது. முந்தைய நாள் அதிகாலையிலும் அதே லைன்தான். இரண்டு முறையும் லைனில் பழுது எதுவும் இல்லை. லோடு மிக அதிகம், வோல்ட்டேஜ் குறைவு; அந்த நிலையை பழுதின் தூரத்தை அளக்கும் டிஸ்டன்ஸ் ரிலேவின், மிகத் தொலைவைப் பார்க்கும் மூன்றாவது மண்டலம் தூரத்தில் இருக்கும் பழுதாக எடுத்துக்கொண்டு லைனைத் துண்டித்தது என்று விசாரணைக் குழு கண்டது. தனக்குக் கொடுத்த செட்டிங்கின்படி ரிலே சரியாகவே இயங்கியது. அடுத்தடுத்து லைன்கள் விழுந்து வடக்கு, கிழக்கு, வடகிழக்கு கிரிட்கள் மூன்றும் சரிந்தன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதிகளில் மின்சாரம் போயிற்று. ரயில்கள் நடுவழியில் நின்றன. மேற்கு வங்கத்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் லிஃப்ட் ஓடாமல் தொழிலாளர்கள் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். தென் மாநில கிரிட் அப்போது மற்றவற்றோடு ஒத்த அதிர்வெண்ணில் இணைக்கப்படவில்லை, அதனால் தமிழ்நாடு தப்பியது.

கொல்கத்தாவும் தப்பியது. நகருக்கு மின்சாரம் கொடுக்கும் சி.இ.எஸ்.சி. அமைப்பு, சரிந்துகொண்டிருந்த கிரிட்டிலிருந்து பிரிந்து, பட்ஜ்பட்ஜ் போன்ற தன் சொந்த மின்நிலையங்களைக் கொண்டு தனித் தீவாக நின்றது. கிழக்கு மண்டலத்தில் பிழைத்த சில இடங்களில் ஒன்றாக விசாரணை அறிக்கை அதைக் குறிப்பிடுகிறது. அதிர்வெண் இந்த அளவுக்கு இறங்கினால் இந்த இணைப்பைத் துண்டி, இத்தனை லோடை விடு, மீதியை நம் உற்பத்தி தாங்கட்டும் என்று யாரோ பொறியாளர்கள் வருடங்களுக்கு முன்பே உட்கார்ந்து கணக்குப் போட்டு ரிலேக்களில் வைத்திருந்தார்கள். இப்படிப் பிரிந்து நிற்கும் ஏற்பாட்டில் ஒரு செட்டிங் பிசகினாலும் தீவு மூழ்கிவிடும். உற்பத்திக்கும் லோடுக்கும் சில விநாடிகளுக்குள் பொருத்தம் வர வேண்டும். அன்று மதியம் நகரத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ஆபரேஷன் தியேட்டர்களில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கணக்கைப் போட்டவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. எங்கள் தொழிலின் பெருமை இதுதான் என்று எனக்கு உறுதியாகப் புரிந்த நாள் அது. ஒரே நாளில் ஒரு செட்டிங் நாட்டின் பாதியை இருட்டாக்கத் தொடங்கியது. இன்னொரு செட்டிங் ஒரு பெருநகரத்தைக் காத்தது. இரண்டும் மனிதர்கள் வைத்தவை.

இப்போது சுழலும் தட்டும் விழும் கொடியும் அருகிவருகின்றன. நுண்செயலியால் இயங்கும் நியூமெரிக்கல் ரிலே வந்த பிறகு, பழுது நடந்த மில்லிவிநாடியைக்கூட அது பதிந்துவைக்கிறது; மூன்று ஃபேஸின் அலைவடிவத்தையும் படமாகவே கொடுக்கிறது. அன்றைக்கு நாங்கள் மழைக்குக் காத்திருந்து தெரிந்துகொண்டதை இன்று ஒரு கேபிளை லேப்டாப்பில் மாட்டித் தெரிந்துகொள்ளலாம். ஆனாலும் பல இடங்களில் பேனலைத் திறந்து பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. பழுதுப் பதிவுகள் எடுப்பாரின்றி நினைவகம் நிரம்பி, புதியவை வந்து பழையவை அழிந்துபோயிருக்கின்றன. சில ரிலேக்களில் கடிகாரமே சரியாக வைக்கப்படவில்லை. எந்தத் தேதியில் நடந்தது என்று சொல்ல வழியில்லை. பாஸ்வேர்டு பேனல் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. ட்ரிப், ரீசெட், சார்ஜ் என்ற பழைய லாக் புத்தகம் அப்படியே தொடர்கிறது.

ரீசெட் பொத்தானை அழுத்த அரை விநாடி போதும். அதோடு ஒரு சாட்சியம் போய்விடும். உற்பத்தி நிற்கிறது, மேலிடத்திலிருந்து போன் வருகிறது என்ற அவசரம் எனக்கும் தெரியும். அந்த அவசரத்திலும் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். அந்த ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளும் தைரியம் ஆபரேட்டருக்கு வர வேண்டுமென்றால், எடுத்துக்கொண்டதற்காக அவரைத் திட்டாத மேனேஜர் வேண்டும். இரவு ஷிஃப்டில் தனியாக நிற்கும் ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. கொடியை எழுதாமல் சார்ஜ் செய்யக் கூடாது என்ற உத்தரவு மேலிருந்து வர வேண்டும், எழுத்தில் வர வேண்டும்.

இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா. தேதி, நேரம், எந்த ஃபீடர், எந்தக் கொடி அல்லது எந்தச் செய்தி, அப்போது ஓடிய லோடு எவ்வளவு, எந்த மோட்டார் ஸ்டார்ட் ஆனது, மழையா வெயிலா, பக்கத்தில் இருந்தவர்கள் என்ன பார்த்தார்கள். நியூமெரிக்கல் ரிலேயானால் பதிவை இறக்கி அதே தேதியில் சேமித்துவையுங்கள், கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சப்ஸ்டேஷனில் அப்படி ஒரு நோட்டு இல்லையென்றால் இன்றைக்கே வாங்கி, பேனலுக்குப் பக்கத்திலேயே கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்த ட்ரிப்பில் அதைத் திறந்து எழுதிய பிறகு ரீசெட் செய்யுங்கள்.